இடது பக்கம் தேய்ந்த ரப்பர்

மேஸ்திரியின் பட்டறையில் ஒரே ஒரு சட்டம்தான். வண்டி உள்ளே நுழைந்ததும் அதன் சாவி ஆணிக்குப் போய்விட வேண்டும். சுவரில் ஒரு பலகை, பலகையில் வரிசையாகப் பன்னிரண்டு ஆணிகள். மேஸ்திரியாகப் பார்த்து "எடுத்துக்கோ" என்று சொல்லும்வரை சொந்தக்காரரே ஆனாலும் அந்தச் சாவியைத் தொடக்கூடாது. ஒருமுறை ஒரு வக்கீல் அவசரம் தாங்காமல் தானே சாவியை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார். தெருமுனை திரும்புவதற்குள் அவருடைய பின்சக்கரம் அவரை முந்திக்கொண்டு போயிற்று. அன்றிலிருந்து சட்டத்தை யாரும் கேள்வி கேட்பதில்லை. வக்கீல் கதையை மேஸ்திரி சொல்லாத நாளும் இல்லை.

அதற்கடுத்து அவர் வாய் ஓயாமல் பேசுவது ஆட்டோமேட்டிக் வண்டிகளைப் பற்றி. "அது வண்டியே இல்ல, ஊஞ்சல். உக்காந்தா அதுவா ஆடும். கியர் போடத் தெரியாதவன் எல்லாம் டிரைவரா?" என்பார். இப்படிப் பேசுகிறவர் வீட்டிலேயே ஒரு ஊஞ்சல் நின்றது என்பதுதான் வேடிக்கை.

அது அவருடைய மனைவியின் வண்டி. அவருடைய மாமனார் நாற்பது வருடங்களுக்கு முன் வாங்கி, மகளுக்கு விட்டுப்போனது. நீளமாக, இலைப்பச்சை நிறத்தில், முன்பக்கம் மூன்று பேர் தாராளமாக உட்காரக்கூடிய ஒரே நீட்டு சீட்டோடு இருக்கும். கியர் குச்சி ஸ்டியரிங்குக்குப் பக்கத்தில். கீழே இரண்டே பெடல். ஆக்சிலேட்டர் ஒன்று, பிரேக் ஒன்று. அந்தப் பிரேக் பெடல் இரண்டு காலையும் சேர்த்து வைக்கிற அகலம்.

மனைவி, வீடு வீடாகப் போய் நோயாளிகளைப் பார்க்கும் நர்ஸ். ஊசி போடுவது, புண்ணுக்குக் கட்டு மாற்றுவது, படுக்கையில் கிடப்பவர்களுக்குச் சிறுநீர்க் குழாய் மாற்றுவது என்று காலையில் மட்டும் பதினொரு வீடு. எல்லோருக்கும் அவர் நர்ஸம்மா. வீட்டில் மேஸ்திரிகூட, கோபம் வந்தாலும், நர்ஸம்மா என்றுதான் கூப்பிடுவார்.

மகளுக்குப் பிரசவ நேரம் நெருங்கியபோது, வண்டி மக்கர் செய்தது. இன்ஜின் கத்துகிறது, சக்கரம் நகரவே யோசிக்கிறது. மேஸ்திரி காதைக் கொடுத்துக் கேட்டுவிட்டு, "பெட்டி போயிடுச்சு" என்றார். பெட்டி என்றால் கியர் பெட்டி.

"நான் ஒரு மாசத்துல வந்துடுவேன். அதுக்குள்ள சரி பண்ணிடுவீங்களா?" என்று கேட்டார் நர்ஸம்மா. "ஒரு மாசத்துக்குத்தான் வேற ஆள் ஏற்பாடு பண்ணியிருக்கேன். வந்ததும் வீடுகளுக்குப் போயாகணும்."

"நான் இருக்கிறப்போ உனக்கென்ன கவலை? போய் பேரப்பிள்ளையப் பாரு."

நர்ஸம்மா பஸ் ஏறிவிட்டார். சாவி ஆணிக்குப் போயிற்று.

இங்கே ஒரு உண்மையைப் போட்டு உடைத்துவிடுவது நல்லது. மேஸ்திரிக்கு ஆட்டோமேட்டிக் பெட்டியைப் பிரித்து மாட்டத் தெரியாது. இருபது வருடங்களுக்கு முன் ஒன்றைப் பிரித்தார். திரும்ப மாட்டி முடித்தபோது மூன்று குட்டி ஸ்பிரிங்கும் ஒரு இரும்புக் குண்டும் கையில் மிஞ்சின. அந்த வண்டி முன்னால் போகச் சொன்னால் பின்னால் போயிற்று. அதை எப்படியோ யார் தலையிலோ கட்டிவிட்டு வந்த அன்றுதான் அவர் வாயில் 'ஊஞ்சல்' என்ற சொல் முதன்முதலாக வந்தது.

ஆகவே அவர் ஒரு வாரம் வண்டியைச் சுற்றிச்சுற்றி வந்துவிட்டு ஒரு முடிவுக்கு வந்தார். இதைச் சரிசெய்வதாவது, மூன்று பெடல் வண்டியாகவே மாற்றிவிடலாம். நர்ஸம்மா லைசென்ஸ் வாங்கியதே கிளட்ச் வண்டியில்தானே? இனி இந்தப் பெட்டி காலத்துக்கும் காலைவாராது. நினைக்க நினைக்க இது தன் பெருந்தன்மை என்றே அவருக்குப் பட்டுவிட்டது. தெரியாத வேலையிலிருந்து தப்பிக்கிறோம் என்ற எண்ணத்தை மனதின் ஏதோ ஒரு மூலையில் துணி போட்டு மூடிவிட்டார். மனைவிக்கு ஒரு போன் போட்டுக் கேட்கலாம் என்று தோன்றவே இல்லை. ஆணியில் தொங்குகிற சாவிக்கு அவர்தானே ராஜா!

நாலு தெரு தள்ளி, கியர் பெட்டிகளை மட்டுமே பார்க்கும் ஒருவர் இருந்தார். அவரைப் பெட்டிக்காரர் என்பார்கள். பழைய ஆட்டோமேட்டிக் பெட்டியை அவரிடம் போட்டுவிட்டு, அதே இன்ஜினுக்குப் பொருந்துகிற கைகியர் பெட்டி ஒன்றை எடுத்து வந்தார் மேஸ்திரி.

வேலையில் அவரைக் குறை சொல்ல முடியாது. அதையும் சொல்லத்தான் வேண்டும். இன்ஜினின் பின்பக்கம் ஒரு சின்னக் குழி இருக்கும். ஆட்டோமேட்டிக்கில் அது சும்மா கிடக்கும். கைகியர் போட்டால், பெட்டியின் தண்டு ஆடாமல் சுற்ற அந்தக் குழியில் ஒரு பித்தளைப் புஷ் இருந்தாக வேண்டும். அவசரக்காரர்கள் மறந்துவிடும் இடம் அது. மேஸ்திரி தானே லேத்தில் நின்று, ஒரு முடிகூட ஆட்டம் இல்லாமல் அதைக் கடைந்து போட்டார். பின்சக்கரங்களுக்குப் போகும் நீளத் தண்டை அளந்து வெட்டிப் பற்றவைத்தார். கியர் குச்சிக்காகத் தரையில் ஓட்டை போட்டார். கிளட்ச் பெடலுக்கு இடம் வேண்டுமே என்று அகலப் பிரேக் பெடலைப் பாதியாக அறுத்தார்.

அறுப்பதற்கு முன்னால் அதன் மேலிருந்த ரப்பரைக் கழற்றியபோது அவர் கை ஒரு கணம் நின்றது. ரப்பரின் வலது பாதியில் வரிகள் புதிதுபோல் இருந்தன. இடது பாதி வழவழவென்று தேய்ந்திருந்தது. மட்டமான ரப்பர் போலிருக்கிறது என்று சொல்லிக்கொண்டு அதைப் பழைய சாமான் டிரம்மில் வீசினார்.

ஊரில் எந்த வண்டியின் டயரைப் பார்த்தும், ஓட்டுகிறவர் எப்படித் திருப்புகிறார் என்று சொல்லிவிடுகிற மனிதர் அவர். அன்று அவர் கண் பிடரியில் இருந்தது போலும்.

நர்ஸம்மா ஊரிலிருந்து வந்து இறங்கியதும், பையைக்கூட வைக்க விடாமல் பட்டறைக்கு இழுத்துக்கொண்டு போனார். துடைத்து, மெழுகு பூசி, பச்சை வண்டி பளபளத்தது. கதவைத் திறந்து காட்டினார்.

நர்ஸம்மா குனிந்து பார்த்தார். வெகுநேரம் பார்த்தார்.

"மூணு இருக்கு," என்றார்.

"ஆமா! ஊஞ்சல வண்டியாக்கிட்டேன்!"

"சரி பண்றேன்னுதானே சொன்னீங்க?"

"இது சரி பண்றத விடப் பெரிய வேலை. உனக்கு கிளட்ச் மறந்தா போயிருக்கும்? மூணே நாள், பழகிடும்."

நர்ஸம்மா கதவைச் சாத்திவிட்டு, கையிலிருந்த பையோடு வீட்டுக்கு நடந்தார். சந்தோஷத்தில் வாயடைத்துப் போனதாக மேஸ்திரி எடுத்துக்கொண்டார்.

மறுநாள் பட்டறை முற்றத்தில் ஒத்திகை. முற்றம் உள்பக்கமாகச் சற்றுச் சரிவு. கடைசியில் பழைய டயர்களை அடுக்கி வைத்திருந்தார்கள். டயர்களுக்கு முன்னால் நின்றுகொண்டு மேஸ்திரி இரண்டு கையாலும், "வா, வா, அப்படியே வா" என்று அழைத்தார். முதல் கியரில் வண்டி அழகாகத்தான் புறப்பட்டது. "போதும், நிறுத்து" என்றார்.

நர்ஸம்மாவின் இடது கால் முழு பலத்தோடு இறங்கியது. வலது கால் இருந்த இடத்திலேயே இருந்தது. இன்ஜின் அலறியது, வண்டி நிற்கவில்லை. சரிவில் மேஸ்திரியை நோக்கி வந்துகொண்டே இருந்தது.

"பிரேக்! பிரேக்க மிதி!"

"மிதிச்சுட்டுத்தான் இருக்கேன்!"

மேஸ்திரி விலகிப் பாய்ந்த வேகத்தில் ஒரு டப்பா நட்டுபோல்ட்டு முற்றம் முழுக்கச் சிதறியது. வண்டி டயர் அடுக்கில் மோதி நின்றது. நல்லவேளை, டயர்களுக்கும் மேஸ்திரியின் மானத்துக்கும் தவிர வேறு எதற்கும் அடியில்லை. நர்ஸம்மா ஸ்டியரிங்கைப் பிடித்தபடி வெளிறிப்போய் உட்கார்ந்திருந்தார்.

"நீ மிதிச்சது கிளட்ச்சு," என்றார் மேஸ்திரி முழங்கையைத் தடவிக்கொண்டு. "முதல் நாள் எல்லாரும் பண்றதுதான்."

இரண்டாம் நாளும் அதே. மூன்றாம் நாள் நான்கு சுற்று சுற்றிவிட்டு, நர்ஸம்மா இன்ஜினை அணைத்து, சாவியை எடுத்துக் கொண்டுபோய்த் தானே ஆணியில் மாட்டினார்.

"என்னால ஆகாது. நீங்களே ஓட்டுங்க."

"ஓட்டிட்டாப் போச்சு!" என்றார் மேஸ்திரி. உள்ளூர அவருக்குக் குஷிதான். தான் செய்த பெட்டியைத் தானே ஓட்டுகிற குஷி.

குஷி இரண்டு நாள் தாங்கியது. பதினொரு வீட்டு வாசலில் பதினொரு முறை காத்திருக்க வேண்டும். "டிரைவரண்ணே, கொஞ்சம் தள்ளிப் போடுங்க" என்றார் ஒருவர். இன்னொரு வீட்டம்மா உள்ளேயிருந்து, "டிரைவருக்கும் ஒரு டீ குடுத்துடு" என்று குரல் கொடுத்தார். ஊரிலேயே பெரிய மெக்கானிக் அந்த டீயைக் குடிக்கவும் முடியாமல் கொட்டவும் முடியாமல் உட்கார்ந்திருந்தார். பட்டறையில் வண்டிகள் சேர்ந்துகொண்டே போயின.

ஆறாம் நாள் மதியம் நர்ஸம்மாவுக்கு ஒரு போன் வந்தது. படுக்கையில் கிடக்கும் பெரியவர் ஒருவருக்குக் குழாய் அடைத்துக்கொண்டு, சிறுநீர் இறங்காமல் தவிக்கிறார் என்று. மேஸ்திரி அப்போது ஒரு லாரிக்கு அடியில், அதன் பெட்டியைப் பாதி இறக்கித் தோளில் தாங்கிக்கொண்டு கிடந்தார். போட்டுவிட்டு வரமுடியாது. நர்ஸம்மா வாசலில் மருந்துப் பெட்டியோடு நின்றார். கிடைத்த பஸ்ஸில் பாதி தூரம் போய், மீதி தூரம் நடந்தார்.

சாயங்காலம் திரும்பி வந்து, மருந்துப் பெட்டியை மேஜையில் வைத்தார்.

"அந்தப் பெரியவர் ஒரு மணி நேரம் துடிச்சிருக்காரு. இனிமே கூப்பிட்டா உடனே வர்ற நர்ஸாப் பாத்துக்கிறோம்னு சொல்லிட்டாங்க. தப்பில்ல, நானா இருந்தாலும் அதத்தான் சொல்லியிருப்பேன்."

"அதுக்குத்தான் சொல்றேன், மூணு நாள் மனசு வெச்சுப் பழகு!" என்றார் மேஸ்திரி.

நர்ஸம்மா அவரை நிமிர்ந்து பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டார். திட்டியிருந்தால் மேஸ்திரி திரும்பத் திட்டியிருப்பார்.

மறுநாள் காலை நான்காவது வீட்டு வாசலில் காத்திருக்கும்போது, வேலையற்றுக் கீழே பெடல்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். மூன்று பெடல், மூன்று புது ரப்பர். சட்டென்று அந்தப் பழைய ரப்பர் ஞாபகத்துக்கு வந்தது. இடது பக்கம் மட்டும் ஏன் தேய்ந்திருந்தது? வலது காலால் மிதிக்கிறவருக்கு வலது பக்கமல்லவா தேய வேண்டும்? முற்றத்தில் அலறிய இன்ஜின் அவர் காதில் மறுபடி கேட்டது. மூன்று நாளும் இடது கால்தான் இறங்கியது, வலது கால் அசையவே இல்லை.

பட்டறைக்குத் திரும்பியதும் டிரம்மைக் கவிழ்த்து, அந்த ரப்பரைத் தேடி எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போனார்.

நர்ஸம்மா நாற்காலியில் உட்கார்ந்து, வலது காலை வெந்நீர் வாளியில் வைத்திருந்தார். இதுவும் புதிதில்லை. தினமும் வேலை முடிந்ததும் வாளிதான். நின்று நின்று பார்க்கிற வேலை, கால் வலிக்கத்தானே செய்யும் என்று மேஸ்திரி இத்தனை வருடமாக நினைத்துக்கொண்டிருந்தார். வாளியில் இருப்பது ஒரே ஒரு கால் என்பதை இன்றுதான் பார்த்தார்.

"இது என்னன்னு தெரியுதா?"

"பிரேக்கு ரப்பர். எண்ணெயோட அத ஏன் வீட்டுக்குள்ள கொண்டு வர்றீங்க?"

"இடது பக்கம் மட்டும் தேஞ்சிருக்கு."

நர்ஸம்மா காலை எடுத்துத் துண்டால் துடைத்துக்கொண்டார். "இடது காலாலதான் மிதிப்பேன்," என்றார். "ஏழு வருஷமா."

ஏழு வருடங்களுக்கு முன் ஒரு நோயாளி வீட்டு மாடிப்படியில் வழுக்கி விழுந்து, வலது கணுக்கால் முறிந்து, ஆறு வாரம் மாவுக்கட்டுப் போட்டிருந்தார். மேஸ்திரிக்கு அது நினைவில் இருந்தது. முடிந்துபோன ஒன்றாக நினைவில் இருந்தது.

"அது அப்பவே சரியாயிடுச்சே?"

"சரியாயிடுச்சுன்னு நான் சொன்னேன். நீங்களும் சரின்னுட்டீங்க." நர்ஸம்மாவின் குரலில் குற்றச்சாட்டு இல்லை. நோயாளியிடம் விவரம் சொல்வதுபோல் சொன்னார். "நேரா அழுத்தினா ஒண்ணும் செய்யாது. தூக்கி, பக்கத்துல நகத்தி வைக்கிறப்போதான் உயிர் போகும். ஆக்சிலேட்டர்லேர்ந்து பிரேக்குக்கு ஒரு நாளைக்கு எத்தன தடவ நகத்தணும்? அதான் அந்தக் கால அங்கேயே விட்டுட்டு, பிரேக்க இந்தக் காலுக்குக் குடுத்துட்டேன். அந்த வண்டியிலதான் அது முடியும்."

"என்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்ல?"

"சொல்லியிருந்தா சாவி ஆணிக்குப் போயிருக்கும்."

மேஸ்திரி மறுக்க வாயைத் திறந்தார். போயிருக்கும். 'உனக்கெதுக்கு இந்தச் சிரமம், நான் கொண்டுபோய் விடறேன்' என்று அன்பாகச் சொல்லி, அன்பாகவே சாவியை வாங்கி மாட்டியிருப்பார். அவருக்குத் தன்னைப் பற்றி அவ்வளவு தெரியும். முகத்தில் ஈயாடாமல் எதிரே உட்கார்ந்தார். கையிலிருந்த ரப்பரை எங்கே வைப்பது என்று தெரியாமல் மடியில் வைத்துக்கொண்டார்.

"பழையபடி மாத்திக் குடுங்க," என்றார் நர்ஸம்மா.

"அது வந்து..." மேஸ்திரி மென்று விழுங்கினார். "எனக்கு அந்தப் பெட்டிய பிரிக்கத் தெரியாது. அதனாலதான் மாத்தினேன். பெருசா வேற ஒண்ணும் காரணமில்ல."

"தெரியும்."

"எப்போலேர்ந்து?"

"நீங்க அத ஊஞ்சல்னு சொல்ல ஆரம்பிச்சதிலேர்ந்து. தெரிஞ்ச வேலைய நீங்க என்னைக்குக் கிண்டல் பண்ணியிருக்கீங்க?"

இருபது வருடம் இதைத் தெரிந்துவைத்துக்கொண்டு, ஒருநாள்கூடக் குத்திக்காட்டாமல் இருந்திருக்கிறார் இந்தப் பெண்பிள்ளை. மேஸ்திரிக்கோ ஏழு வருடமாகக் கண்முன்னால் இருந்த வாளி தெரியவில்லை. அவருக்கு வெட்கமாக இருந்தது. கண்ணைக் கசக்கிக்கொண்டே எழுந்து, சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போனார்.

பெட்டிக்காரர் கடையில் அந்த ஆட்டோமேட்டிக் பெட்டி ஒரு மூலையில் சாக்கு மூடிக் கிடந்தது. மேஸ்திரி விஷயத்தைச் சொன்னார். பெட்டிக்காரர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டார்.

"ஊஞ்சல்னு சொன்னது யாரு, நீதானே? உன் பட்டறையில வெச்சு நீயே சரி பண்ணிக்க வேண்டியதுதானே?"

"எனக்குத் தெரியாது."

"என்ன சொன்ன? காது சரியாக் கேக்கல."

"எனக்குத் தெரியாதுய்யா! போதுமா?" என்று தெருவுக்கே கேட்கும்படி கத்தினார் மேஸ்திரி.

"போதும்," என்றார் பெட்டிக்காரர் நிதானமாக. "கைய கழுவிட்டு வா. அழுக்குக் கையோட இதத் தொடக்கூடாது."

நான்கு நாள் மேஸ்திரி அங்கே கையாளாக நின்றார். பெட்டிக்காரர் பிரித்துத் தந்ததை எல்லாம் கழுவி, கழன்று வந்த வரிசைப்படியே வெள்ளைத் துணியில் பரப்பி வைத்தார். எந்த ஸ்பிரிங் எந்தக் குழியில், எந்தக் குண்டு எந்த வழியில் என்று கேட்டுக் கேட்டு எழுதிக்கொண்டார். கடைசியில் கோளாறு கிடைத்தது. வளையல் அளவுக்கு ஒரு ரப்பர் வளையம், வயதாகி விறைத்துப்போய் எண்ணெயைக் கசியவிட்டிருந்தது. அதனால் நாலைந்து தட்டுகள் கருகியிருந்தன. அவ்வளவுதான். இதற்குத்தான் ஒரு நல்ல வண்டியின் தரையில் ஓட்டை போட்டிருக்கிறார் மனுஷன். தலையில் அடித்துக்கொள்ளலாம் என்றால் கை முழுக்க எண்ணெய். இந்த முறை மாட்டி முடித்தபோது துணியில் எதுவும் மிஞ்சவில்லை.

பெட்டி வண்டிக்குத் திரும்பியது, வெட்டிய தண்டு பழைய நீளத்துக்குத் திரும்பியது. கிளட்ச் பெடல் கழன்றது. தரை ஓட்டையைத் தகடு வைத்து மூடினார். அறுத்த பிரேக் பெடலைத் தூக்கிப் போட்டுவிட்டு, கெட்டித் தகட்டில் புதிதாக அகலமாக ஒன்று செய்து, முன்னதைவிட இரண்டு விரல் இடப்பக்கம் நீட்டி வைத்தார்.

மறுநாள் காலை நர்ஸம்மா மருந்துப் பெட்டியோடு வந்தார். மேஸ்திரி ஆணியிலிருந்து சாவியை எடுத்துக் கொடுத்துவிட்டு, பழைய வழக்கப்படி டயர் அடுக்குக்கு முன்னால் போய் நின்றார்.

"அங்க நிக்காதீங்க. பக்கத்துல வந்து உக்காருங்க."

உட்கார்ந்தார். இத்தனை வருடத்தில் மனைவி ஓட்டி அவர் உட்கார்ந்தது விரல்விட்டு எண்ணக்கூடிய தடவைதான். அப்போதெல்லாம் கண் சாலையில், காது இன்ஜினில். இன்று கால்களைப் பார்த்தார். வலது கால் தன் இடத்தை விட்டு நகரவே இல்லை. இடது கால் தேவைப்பட்டபோது மட்டும் மெதுவாக இறங்கி, மெதுவாக ஏறியது. சந்து திரும்பியபோதும், சைக்கிள்காரன் குறுக்கே வந்தபோதும் அவருக்கு உடம்பு குலுங்கவில்லை. தன்னைவிட நன்றாக ஓட்டுகிறார் என்று அவருக்குத் தெரிந்துவிட்டது.

"அந்தப் பெரியவர் வீட்டுக்குப் போன் பண்ணினேன்," என்றார் நர்ஸம்மா. "வண்டி வந்துடுச்சு, எப்ப கூப்பிட்டாலும் வருவேன்னு சொன்னேன். யோசிச்சுச் சொல்றேன்னாங்க."

ஒரு சுற்று சுற்றிவிட்டுப் பட்டறை வாசலில் வண்டியை நிறுத்தினார். மேஸ்திரி இறங்கி, சுற்றிவந்து, ஓட்டுநர் பக்கத்து ஜன்னலில் நின்றார். அவர் கை தன்னால் உள்ளே நீண்டது. வாசலில் வந்து நிற்கும் எந்த வண்டிக்கும் நீளுகிற கை. உள்ளங்கை மேலே பார்த்து, சாவிக்காக விரிந்திருந்தது.

நர்ஸம்மா அந்தக் கையைப் பார்த்தார். பிறகு அவர் முகத்தைப் பார்த்தார்.

மேஸ்திரி கையை இழுத்துக்கொண்டார். "எதுக்கு நீட்டினேன்னே தெரியல," என்று அசடு வழிந்தார்.

"எனக்குத் தெரியும்," என்றார் நர்ஸம்மா. முதல் வீட்டுக்கு ஏற்கனவே நேரமாகிவிட்டிருந்தது. பிரேக்கிலிருந்து இடது காலை எடுத்தார், வண்டி நகர்ந்தது.